பேட்டரி ‘நல்லா இருக்கு’ என்றால் என்ன அளவு?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழை சென்னையில் கொட்டிக்கொண்டிருந்தது. காலையிலேயே எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. அப்பாவுக்கு நுரையீரல் பிரச்சினை. வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது. அது சுமார் 350 வாட் இழுக்கும். இன்வெர்ட்டரில் இருந்தது 150 ஏ.எச். பேட்டரி. இரண்டரை மணி நேரமாவது தாங்கும் என்பது என் கணக்கு. 25 நிமிடத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. அடுத்த சில நிமிடங்களில் அணைந்தேவிட்டது. வீட்டில் வைத்திருந்த சின்ன சிலிண்டரும், தெருத் தண்ணீரில் நடந்து மச்சான் தூக்கிக்கொண்டு வந்த இன்னொரு சிலிண்டரும் அன்றைக்குக் காப்பாற்றின. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என்னை இன்றும் உறுத்துவது வேறு விஷயம். அக்டோபரிலேயே, மழைக்காலம் வருகிறதே என்று, அந்தப் பேட்டரியை நான் சோதித்திருந்தேன். மல்டிமீட்டர் 12.5 வோல்ட் காட்டியது. கடையிலிருந்து வந்த தம்பி தன் டெஸ்டரை இரண்டு முனையிலும் அழுத்திப் பிடித்து, முள் பச்சையில் நிற்பதைக் காட்டி, “இன்னும் ஒரு வருஷம் ஓடும் சார்” என்றார். இன்வெர்ட்டரின் முகப்பில் எல்லாக் கட்டமும் நிரம்பி இருந்தது. மூன்று சாட்சி, மூன்றும் ஒரே வாக்குமூலம். பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது: மூன்றும் பொய் சொல்லவில்லை. நான் கேட்க நினைத்த கேள்விக்கு அவை பதிலே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ‘வீட்டிலேயே பேட்டரியைச் சோதிப்பது எப்படி’ என்று காணொளிகளிலும் பத்திரிகைக் குறிப்புகளிலும் கடை வாசல்களிலும் சொல்லப்படும் முறைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து நோட்டில் எழுதிவந்தேன். அந்த முறைகள் மீதான விமர்சனம்தான் இது. நான் மின்வேதியியல் படித்தவன் இல்லை, பி.இ. முடித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனால் ஒரு அளவீடு எதை அளக்கிறது என்று கேட்பதற்கு அந்தப் படிப்பு போதும்.

நிரம்பிய ஏரி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘பேட்டரி எப்படி இருக்கு?’ என்பதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது? முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு கொள்ளும்? கேட்டால் எவ்வளவு வேகமாகக் கொடுக்கும்?

ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் கலங்கலைத் தொட்டுவிட்டால் ஏரி நிரம்பிவிட்டது என்போம். ஆனால் இருபது வருஷம் தூர் வாராத ஏரியும் நிரம்பும். இன்னும் சீக்கிரமாகவே நிரம்பும். கரையில் நின்று மட்டத்தைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நடவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, எத்தனை நாள் வருகிறது என்று பார்த்தால்தான் வண்டல் எவ்வளவு என்று தெரியும். மதகு அடைத்திருந்தால் அது தனிப் பிரச்சினை: உள்ளே தண்ணீர் இருக்கும், வாய்க்காலுக்கு வராது.

வோல்ட்டேஜ் என்பது நீர்மட்டம். ஏ.எச். என்பது கொள்ளளவு. உள்மின்தடை என்பது மதகு. நான் பார்த்த குறிப்புகளில் பெரும்பாலானவை மட்டத்தை அளந்துவிட்டுக் கொள்ளளவைப் பற்றித் தீர்ப்புச் சொல்கின்றன.

மல்டிமீட்டர்

எல்லோரும் சொல்லும் முதல் முறை இதுதான். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியில் 12.7 என்றால் 100 சதவீதம், 12.2 என்றால் 50 சதவீதம் என்று ஒரு அட்டவணை சுற்றுகிறது. அட்டவணை தவறில்லை. சார்ஜரைக் கழற்றி, லோடும் இல்லாமல், சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அளந்தால் சார்ஜ் எவ்வளவு என்பதற்கு ஓரளவு நம்பகமான பதில் கிடைக்கும். ஆனால் அது சார்ஜின் சதவீதம், ஆரோக்கியத்தின் சதவீதம் இல்லை. இந்த இரண்டு வார்த்தையையும் மாற்றிப் போட்டு எத்தனை தலைப்புகள் பார்த்துவிட்டேன்!

லித்தியம் அயான் செல்லில் இது இன்னும் தெளிவு. சாதாரண செல்லுக்கான சார்ஜர் 4.2 வோல்ட் வரைக்கும் ஏற்றிவிட்டு நிறுத்தும்படி செய்யப்பட்டது. புது செல்லையும் 4.2-க்கு ஏற்றும், கிழட்டு செல்லையும் 4.2-க்கு ஏற்றும். பிறகு மல்டிமீட்டரை வைத்து “4.2 காட்டுது, செல் சூப்பர்” என்றால், சார்ஜர் வேலை செய்கிறது என்பதைத்தான் நாம் நிரூபித்திருக்கிறோம்.

என் மகளின் பொம்மைக் காரிலிருந்த நான்கு ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களை எடுத்துப் பார்த்தேன். மேலே அச்சிட்டிருந்தது 2000 எம்.ஏ.எச். முழுதாகச் சார்ஜ் செய்து ஒரு நாள் கழித்து அளந்தபோது 1.31, 1.32, 1.32, 1.33 வோல்ட். நாலும் நல்லது என்றுதான் யாரும் சொல்வார்கள். ரிச்சி தெருவில் வாங்கிய 2.2 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொன்றிலும் மாட்டி, வோல்ட்டேஜ் 1.0-க்கு இறங்கும் வரை நேரம் பார்த்தேன். 1.2 வோல்ட்டில் இந்த ரெசிஸ்டர் வழியாகச் சுமார் 545 மில்லி ஆம்பியர் ஓடும், 2000 எம்.ஏ.எச். என்றால் ஏறக்குறைய 3 மணி 40 நிமிடம் வர வேண்டும். மூன்று செல்கள் 3 மணி 20-க்கும் 3 மணி 30-க்கும் நடுவே வந்தன. நான்காவது 1 மணி 10 நிமிடத்தில் படுத்துவிட்டது. அது 1.32 காட்டிய இரண்டில் ஒன்று.

அந்த ஒன்றுதான் பொம்மைக் காரை நிறுத்தியது. தொடராக மாட்டியிருக்கும்போது ஒரு செல் காலியானால் மற்ற மூன்றும் அதன் வழியாகத்தான் கரண்டைத் தள்ள வேண்டும். காலியான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகி இன்னும் கெடும். நான்கையும் குப்பையில் போடுவதுதான் வழக்கம். மூன்று நல்ல செல்களை அப்படி எத்தனை தடவை தூக்கிப் போட்டிருப்பேனோ.

வித்தைகள்

செல்லை மேசையில் போட்டு, குதித்தால் காலி, குதிக்காவிட்டால் நல்லது என்று ஒரு வித்தை உண்டு. இது முழுக் கட்டுக்கதை இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இதை முறையாகவே அளந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது சாதாரண ஆல்கலைன் செல். உள்ளே இருக்கும் துத்தநாகம் ஆக்சைடாக மாற மாற செல் அதிகம் துள்ளுகிறது. பாதி காலியாவதற்குள்ளேயே அந்தத் துள்ளல் உச்சத்துக்குப் போய் நின்றுவிடுகிறது. ஆகவே ‘புதிது இல்லை’ என்று சொல்லலாம், ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்ல முடியாது. ரீசார்ஜ் செல்லுக்குள் இருக்கும் வேதியியலே வேறு என்பதால் அங்கே இந்த வித்தைக்கு வேலையே இல்லை.

இன்னொன்று ஆபத்தானது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, நேராக செல்லின் இரு முனையிலும் தொட்டு, “எவ்வளவு ஆம்பியர் வருது பாருங்க” என்கிறார்கள். அந்த ரேஞ்சில் மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு வெறும் கம்பி. நீங்கள் செய்வது ஷார்ட் சர்க்யூட். லித்தியம் செல்லில் பத்து ஆம்பியரைத் தாண்டி எங்கேயோ போகும். மீட்டரின் ஃபியூஸ் போகலாம், ஃபியூஸே இல்லாத மலிவு மீட்டர் என்றால் வயர் உருகலாம், செல் தீப்பிடிக்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இதையெல்லாம் பார்க்கிறார்கள்.

கடைக்காரரின் டெஸ்டர்

அந்தத் தம்பி கொண்டுவந்த கருவியை நான் குறை சொல்ல மாட்டேன். சில விநாடிகள் பெரிய கரண்டை இழுத்து, அப்போது வோல்ட்டேஜ் எவ்வளவு சரிகிறது என்று பார்க்கும் கருவி அது. மதகு திறக்கிறதா என்று பார்க்கிறது. கார் பேட்டரிக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது. காரை ஸ்டார்ட் செய்யத் தேவைப்படுவதே சில விநாடிகள்தான். இன்வெர்ட்டர் பேட்டரியின் வேலை வேறு. குறைந்த கரண்டை மணிக்கணக்காகக் கொடுக்க வேண்டும். 25 நிமிடத்தில் செத்துப்போன என் பேட்டரியால் பத்து விநாடி தாக்குப்பிடிக்க முடியாதா என்ன? தாராளமாக முடிந்தது. நூறு மீட்டர் ஓடவிட்டுப் பார்த்து மாரத்தானுக்குச் சான்றிதழ் கொடுத்தாற்போலத்தான்.

ஹைட்ரோமீட்டர்

பழைய முறை, இன்றும் மதிப்புள்ள முறை. அமிலத்தை உறிஞ்சி, மிதவை எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பது. ‘கிராவிட்டி பார்க்கிறது’ என்பார்கள். இதன் பெரிய பலம், ஆறு அறைகளையும் தனித்தனியாகப் பார்க்கலாம் என்பது. புயல் ஓய்ந்து, கரண்ட் வந்து, முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகு என் பேட்டரியைப் பார்த்தேன். ஐந்து அறைகளில் 1.250. ஒன்றில் மட்டும் 1.170.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அறையின் ஒப்படர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் அந்த அறையின் வோல்ட்டேஜ் ஏறக்குறைய கிடைக்கும். ஆறும் நன்றாக இருந்தால் மொத்தம் 12.54. ஒன்று கெட்டுப்போன நிலையில் 12.46. வித்தியாசம் 0.08 வோல்ட். ஒரு ஒற்றை இலக்கத் திருத்தத்தில் இரண்டுமே 12.5தான்! அக்டோபரில் நான் மல்டிமீட்டரைப் பார்த்துத் திருப்தியாக மூடி வைத்த எண் இது. ஆறில் ஒரு அறை நோயில் கிடந்தது, மொத்தக் கணக்கில் அது எட்டு நூறில் ஒரு பங்காக ஒளிந்துகொண்டது.

ஹைட்ரோமீட்டருக்கும் எல்லை உண்டு. தண்ணீர் ஊற்றிய உடனே பார்த்தால், அமிலத்தோடு கலக்காததால் குறைத்துக் காட்டும். மேலும் அது அமிலத்தைத்தான் அளக்கிறது, தகட்டை இல்லை. தகட்டில் பூசியிருக்கும் பொருள் உதிர்ந்து அடியில் சேறாகக் கிடந்தாலும் அமிலம் நல்ல எண்ணைக் காட்டக்கூடும். எண் மோசம் என்றால் பேட்டரி மோசம் என்று நம்பலாம். எண் நன்று என்பதால் மட்டும் நிம்மதியாகத் தூங்க முடியாது. சீல் செய்த பேட்டரியில் இந்த வழியே கிடையாது.

திரையில் தெரியும் சதவீதம்

இப்போது எங்கள் ஆட்களின் பக்கம் வருகிறேன். போனும் லேப்டாப்பும் ‘பேட்டரி ஹெல்த் 86%’ என்று எழுதிக் காட்டுகின்றன. உள்ளே ஒரு சிறிய சிப், போகும் கரண்டையும் வரும் கரண்டையும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. பைசா பைசாவாகக் கணக்கெழுதும் கணக்குப்பிள்ளை மாதிரி. ஒவ்வொரு வரவிலும் ஒரு துளி பிழை இருந்தால்கூட, பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்காதவரை பிழை சேர்ந்துகொண்டே போகும். எப்போதும் சார்ஜரில் செருகியே இருக்கும் லேப்டாப்பில் அந்தப் பெட்டி திறக்கப்படுவதே இல்லை.

என் பழைய லேப்டாப்பில் விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி அறிக்கையை எடுத்தபோது டிசைன் கெபாசிட்டி 50 வாட் அவர், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 43. அதாவது 86 சதவீதம். ஆனால் 20 சதவீதம் மிச்சம் காட்டும்போதே பொட்டென்று அணைந்துவிடும். இரண்டு முறை முழுதாகக் காலி செய்து முழுதாக ஏற்றினேன். அதே அறிக்கை 34 என்றது. இரண்டு நாளில் பேட்டரி தேயவில்லை; கணக்குப்பிள்ளை பெட்டியைத் திறந்து எண்ணினார், அவ்வளவுதான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு 2018-இல் ஐஓஎஸ் 11.3-இல் பேட்டரிப் பக்கம் ஒன்று வந்தது. அதில் கொள்ளளவு ஒரு வரியாகவும், உச்ச சக்தியைக் கொடுக்கும் திறன் வேறு வரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். ஏரி வேறு, மதகு வேறு என்ற பாகுபாடு அந்தத் திரையில் இருக்கிறது. ஆனால் அங்கேயும் வருவது ஒரு ஒற்றை எண்; ‘கூடக் குறைய இவ்வளவு இருக்கலாம்’ என்று எழுதுவதில்லை. 86 என்று எழுதினால் பயனர் நம்புவார், ‘80-க்கும் 90-க்கும் நடுவே’ என்று எழுதினால் புகார் கொடுப்பார். இதை எழுதுகிற ஜாதியைச் சேர்ந்தவன் என்பதால் எனக்கு இது தெரியும். ஒரே கருவியில் மாதா மாதம் குறித்துவைத்துப் போக்கைப் பார்க்க அந்த எண் உதவும். ஒரு தடவை பார்த்துத் தீர்ப்பெழுத உதவாது.

அப்படியானால் எது சோதனை?

தண்ணீரைத் திறந்துவிட்டு நாள் எண்ணுவதுதான். தெரிந்த லோடு, கடிகாரம், நிறுத்த வேண்டிய வோல்ட்டேஜ் – இந்த மூன்றும் இல்லாத எந்தச் சோதனையும் கொள்ளளவைச் சொல்லாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் மூன்று ஆட்சேபங்களையும் பார்த்துவிடலாம்.

ஒன்று, நேரமாகும். ஆமாம், ஆகும். மணிக்கணக்கில் உழைக்க வேண்டிய ஒன்றை இரண்டு நிமிடத்தில் சோதிக்க முடியாது என்பதுதானே இந்தக் கட்டுரை.

இரண்டு, முழுதாகக் காலி செய்தால் லெட் ஆசிட் பேட்டரி கெடும். உண்மை. அதனால் அடிக்கடி செய்யக் கூடாது, செய்தவுடனே திரும்பச் சார்ஜில் போட வேண்டும். காலியாகவே விட்டால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். முழுச் சோதனை எப்போதாவது, ஒரு மணி நேரச் சோதனை அடிக்கடி என்று பிரித்துக்கொள்ளலாம்.

மூன்று, கணக்கு உதைக்கும். 150 ஏ.எச். என்பது 20 மணி நேரக் கணக்கு: 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம், வோல்ட்டேஜ் 10.5-க்கு இறங்கும் வரை. அதையே 36 ஆம்பியர் வீதம் இழுத்தால் 150-ஐ 36-ஆல் வகுத்து நாலு மணி நேரம் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேகமாக இழுத்தால் கொடுப்பது குறையும். பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். புயல் நாளுக்கு நான் இரண்டரை மணி நேரம் என்று கணக்குப் போட்டது இதையும் கழித்துத்தான். அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டு “ஏமாத்திட்டான்” என்று கடையில் சண்டைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு விடை சுலபம், ஆனால் யாரும் செய்வதில்லை. பேட்டரி புதிதாக வந்த அன்றே, முழுதாகச் சார்ஜ் ஏறியதும், உங்கள் லோடில் ஒரு முறை ஓட்டி நேரத்தை எழுதிவையுங்கள். அதற்குப் பிறகு எல்லா ஒப்பீடும் அந்த எண்ணோடுதான். புதிதில் கொடுத்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது துறையின் பொதுவான வழக்கம். முதல் நாள் எண் இல்லாமல் எதற்கு எண்பது சதவீதம்?

செய்யக் கூடாத இடமும் உண்டு. உப்பிப்போன லித்தியம் பேட்டரியை எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். அதன் வயிறே தீர்ப்பைச் சொல்லிவிட்டது. சார்ஜ் ஏற்றாமல், குத்தாமல், பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். லெட் ஆசிட் என்றால் ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் தீ வேண்டாம்; சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

எங்கள் வீட்டு நோட்டு

2024 ஜனவரியில் புதுப் பேட்டரி வந்தது. ஒரு பலகையில் மூன்று 100 வாட் குண்டு பல்புகளை மாட்டினேன். கான்சன்ட்ரேட்டரை வைத்துச் சோதிக்க முடியாது, அது அப்பாவுக்கு வேண்டும்; மெயின் லைனிலேயே அவர் பாட்டுக்கு இருக்கட்டும், இன்வெர்ட்டரில் பல்புகள் எரியட்டும். முதல் நாள் முழுச் சோதனை: 3 மணி 20 நிமிடம். அன்றே ஒரு மணி நேர முடிவில் லோடோடு 12.05 வோல்ட். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் மட்டும் எரியவிட்டு, அந்தக் கடைசி வோல்ட்டேஜைக் குறிக்கிறோம். 12.04, 12.02, 12.02, 11.97. எண் மெல்ல இறங்குகிறது, இறங்கத்தான் செய்யும். 11.8-ஐத் தொட்டால் மீண்டும் முழுச் சோதனை, அதில் 2 மணி 40 நிமிடத்துக்குக் கீழே வந்தால் பேட்டரியை மாற்றுவது என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டேன். மழை வந்த பிறகு முடிவெடுக்க உட்கார்ந்தால் மனசு ‘இன்னும் ஒரு வருஷம் ஓடும்’ என்றுதான் சொல்லும்.

நோட்டு இப்போது அப்பாவிடம் இருக்கிறது. மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்து, மணி பார்த்து, தன் பழைய கணக்குப் புத்தகக் கையெழுத்தில் அவரே எழுதுகிறார். போன தடவை பல்புகளை அணைத்ததும் கேட்டார்: “ஏண்டா, அந்தச் சிலிண்டரை இனிமே திருப்பிக் கொடுத்துடலாமா?”

வேண்டாம்ப்பா, அது இருக்கட்டும் என்றேன். சோதனை, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்லும். கரண்ட் எவ்வளவு நேரம் போகும் என்று சொல்லாது.